எண் போலத் தெரியும் எழுத்து: ஸ்டேட்டா, ஆர், பாண்டாஸில் தரவை எண்ணாக மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, உசிலம்பட்டி, மேலூர் பக்கம் கள ஆய்வு செய்து தரவு சேர்க்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும், அலுவலகப் பதிவேடுகளை எக்செல்லில் வாங்கி ஆய்வு செய்பவர்களுக்கும் இந்தப் பக்கம். ஸ்டேட்டாவும் ஆர் மொழியும் புள்ளியியல் மென்பொருள்கள்; பாண்டாஸ் என்பது பைத்தான் மொழியில் தரவைக் கையாளும் தொகுப்பு. மாதிரி மதிப்புகள் எல்லாம் அந்தத் தரவுகளில் வழக்கமாக வரும் வடிவத்திலேயே இருக்கும்: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலை, பட்டா நில அளவு, வைகை அணை நீர்மட்டம் போன்றவை. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றைப் பெரும்பாலும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்; ஆர் மொழியின் 'கால்கிளாசஸ்' (colClasses), 'ஆஸ்.டேட்' (as.Date) போன்ற சிலவற்றில் மட்டும் நடுவில் ஒரு பெரிய எழுத்து வரும். 'ஆஸ்.நியூமெரிக்' என்பதில் உள்ள புள்ளியும் 'டு_நியூமெரிக்' என்பதில் உள்ள அடிக்கோடும் பெயரின் பகுதிகள்.

திரையில் 850 என்றுதான் தெரிகிறது. சராசரி ஏன் வரமாட்டேன் என்கிறது?

கண்ணுக்கு 850 எண்ணாகத் தெரிகிறது. மென்பொருளுக்கு அது 8, 5, 0 என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே. அறிகுறிகள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஸ்டேட்டாவில் 'சம்மரைஸ்' கொடுத்தால் பதிவுகளின் எண்ணிக்கை 0 என்று வரும். தரவுத் திரையில் அந்த நெடுவரிசை சிவப்பு நிறத்தில் இருக்கும். ஆர் மொழியில் 'மீன்' ஒரு எச்சரிக்கையோடு 'என்.ஏ.' (மதிப்பு இல்லை) தரும். பாண்டாஸ்தான் மோசம்: கூட்டச் சொன்னால் 850-ஐயும் 900-ஐயும் ஒட்டி 850900 என்று கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். எக்செல்லில் செல்லின் இடது ஓரம் ஒட்டி நிற்கும்.

பெரும்பாலான மென்பொருள்களில் செல்லுபடியாகும் ஒரு சோதனை உண்டு. ஏறுவரிசையில் அடுக்கிப் பாருங்கள். 1200, 850, 90 என்ற வரிசையில் வந்தால் அது எழுத்து. முதல் எழுத்தான 1, 8, 9 ஆகியவற்றை மட்டும் பார்த்து அடுக்கியிருக்கிறது.

ஒரே ஒரு செல்லில் 'விடுமுறை' என்று இருக்கிறது. அதற்காக முழு நெடுவரிசையும் எழுத்தாகிவிடுமா?

ஆகும். ஒரு நெடுவரிசைக்கு ஒரு வகைதான். சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) படிக்கும்போது எண்ணாக மாறாத ஒரு மதிப்பு எங்காவது இருந்தால் மொத்தமும் எழுத்தாகவே உள்ளே வரும்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. ஆர் மொழியின் 'ரீட்எக்ஸ்எல்' தொகுப்பு, வேறு ஏதும் சொல்லாவிட்டால் முதல் 1000 வரிசைகளை மட்டும் பார்த்து வகையை முடிவு செய்யும். அந்த 1000-மும் சுத்தமான எண்களாக இருந்து, 1,400-ஆவது வரிசையில் 'ரூ.900' என்று இருந்தால், அந்த மதிப்பு காலியாகிவிடும். எச்சரிக்கை வரும், ஆனால் அதை யாரும் படிப்பதில்லை.

அதனால் முதல் தடவை எல்லாவற்றையும் எழுத்தாகவே படியுங்கள். ஸ்டேட்டாவின் எக்செல் இறக்குமதியில் 'ஆல்ஸ்ட்ரிங்', சி.எஸ்.வி. இறக்குமதியில் 'ஸ்ட்ரிங்கால்ஸ்' விருப்பம். ஆர் மொழியில் 'கால்கிளாசஸ்' என்பதற்கு 'கேரக்டர்'. பாண்டாஸில் 'டீடைப்' என்பதற்கு 'எஸ்.டி.ஆர்.'. எண்ணாக எதை மாற்றுவது என்ற முடிவை நீங்கள் எடுங்கள், மென்பொருளின் ஊகத்துக்கு விடாதீர்கள்.

5,000 வரிசைகள் இருக்கின்றன. எதெல்லாம் மாறாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மதிப்புகளைப் பார்க்காமல் அவற்றின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு நகல் நெடுவரிசை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு இலக்கத்தையும் 9 என்று மாற்றிவிட்டு, எந்த வடிவம் எத்தனை முறை வருகிறது என்று அட்டவணை போடுங்கள். ஆர் மொழியில் 'ஜிசப்' கொண்டு [0-9] என்ற வடிவத்தை 9 ஆக்கி 'டேபிள்' கொடுத்தால் போதும். ஸ்டேட்டாவில் 'யூஎஸ்டிஆர்ரெக்எக்ஸ்ஆர்ஏ' என்ற செயற்கூறு, பிறகு 'டாபுலேட்'. பூ விலைத் தரவில் செய்தால் இப்படி ஏதாவது வரும்:

999
9,999
ரூ.999
9,999/-
999-9,999
999 (கிலோ)
வரத்து இல்லை

ஐயாயிரம் வரிசை ஏழு எட்டு வடிவமாகச் சுருங்கிவிட்டது. இனி ஒவ்வொரு வடிவத்துக்கும் என்ன செய்வது என்று முடிவெடுத்தால் வேலை முடியும். ஆங்கில 'ஓ' எழுத்தைப் பூஜ்யத்துக்குப் பதிலாக அடித்திருந்தாலும் இங்கே மாட்டிக்கொள்ளும். 9ஓ9 போன்ற ஒரு வடிவம் ஒரே ஒரு முறை தனியாக நிற்கும்.

மாற்றிய பிறகும் ஒரு பார்வை வேண்டும். மூலத்தில் ஏதோ இருந்து, புதிய நெடுவரிசையில் காலியாகிப் போனவை எவை? ஸ்டேட்டாவில் எழுத்தை எண்ணாக்கும் 'ரியல்' செயற்கூறு மிஸ்ஸிங் (காலி மதிப்பு) தந்து, மூல மாறி காலியாக இல்லாத வரிசைகளை 'லிஸ்ட்' செய்யுங்கள். ஆர் மொழியில் புதியது 'என்.ஏ.', பழையது 'என்.ஏ.' அல்ல என்ற நிபந்தனை. இந்தப் பட்டியல் காலியாகும்வரை, அல்லது அதில் உள்ள ஒவ்வொன்றையும் காலியாக விடுவதற்குக் காரணம் சொல்ல முடியும்வரை, அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

'ரூ.' என்பதையும் காற்புள்ளியையும் நீக்க எளிய வழி எது?

எளிய வழியில்தான் குழி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இது: இலக்கமும் புள்ளியும் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிடு. அதாவது [^0-9.] என்ற வடிவத்தை வெற்றாக்கு. டாலருக்கு இது சரி. 'ரூ.850' என்பதில் செய்து பாருங்கள். 'ரூ' போய்விடும், அதன் பின்னால் உள்ள புள்ளி நிற்கும். மிஞ்சுவது .850, அதாவது 85 பைசா. பிழைச் செய்தி எதுவும் வராது. 'ரூ.1,250.50' என்றால் .1250.50 என்று இரண்டு புள்ளியோடு மிஞ்சி, மாறாமல் காலியாகும். ஒரே நெடுவரிசையில் பாதி ஆயிரத்தில் ஒரு பங்காகவும் மீதி காலியாகவும் ஆகிவிடுகிறது.

ஸ்டேட்டாவில் எழுத்தை எண்ணாக்கும் 'டீஸ்ட்ரிங்' கட்டளையில், விட்டுவிட வேண்டிய எழுத்துகளைச் சொல்லும் 'இக்னோர்' விருப்பத்துக்குள் ரூ, புள்ளி, காற்புள்ளி மூன்றையும் கொடுப்பவர்களுக்கு எதிர்த்திசையில் அடி விழும். 'இக்னோர்' கொடுத்ததை ஒரு சொல்லாகப் பார்க்காது, தனித்தனி எழுத்துகளாகவே பார்க்கும். அதனால் தசமப் புள்ளியும் சேர்ந்து போய் 1,250.50 என்பது 125050 ஆகும்.

சரியான வரிசை இது. முதலில் 'ரூ.' என்பதை, புள்ளியோடு சேர்த்து முழுச் சரமாக நீக்குங்கள் (ஸ்டேட்டாவில் 'சப்இன்ஸ்டர்', ஆர் மொழியில் 'ஜிசப்' உடன் 'ஃபிக்ஸ்டு'). ஆங்கிலத்தில் புள்ளியோடு எழுதிய சுருக்கத்துக்கும் அப்படியே. பிறகு புள்ளி இல்லாத 'ரூ', பிறகு ₹ குறி, பிறகு இறுதியில் உள்ள '/-', கடைசியாகக் காற்புள்ளி. நம் ஊர்க் காற்புள்ளி 1,20,000 என்று இரண்டு இரண்டாக வருவதால் மூன்று இலக்கக் கணக்கில் சரிபார்க்கும் விதிகள் எதையும் பயன்படுத்த வேண்டாம். காற்புள்ளியை மொத்தமாக நீக்கிவிடுவதே நல்லது.

ஆர் மொழியின் 'பார்ஸ்_நம்பர்' 1,20,000 என்பதை 120000 என்று ஒழுங்காகவே எடுக்கும். ஆனால் 'ரூ.' நீக்காமல் அதனிடம் கொடுக்காதீர்கள்.

'டீஸ்ட்ரிங்' கட்டளையில் 'ஃபோர்ஸ்' என்று ஒரு விருப்பம் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் ஒரே அடியில் முடிந்துவிடுகிறதே?

முடிந்துவிடும், தரவும் சேர்ந்து. 'ஃபோர்ஸ்' பிரச்சினை எதையும் தீர்ப்பதில்லை. மாறாத மதிப்புகளைத் தூக்கி எறிகிறது, அவ்வளவுதான். பாண்டாஸின் 'டு_நியூமெரிக்' கட்டளையில் 'எரர்ஸ்' என்பதற்கு 'கோயர்ஸ்' கொடுப்பதும் இதே வேலை. ஆர் மொழியின் 'ஆஸ்.நியூமெரிக்' எப்போதுமே இப்படித்தான் நடந்துகொள்ளும், ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு.

தூக்கி எறியப்படுபவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை என்பதுதான் சிக்கல். காற்புள்ளி போடுகிற மதிப்புகள் 1,000-க்கு மேற்பட்டவை. 'ஃபோர்ஸ்' கொடுத்தால் விலை ஏறிய முகூர்த்த நாள்கள் எல்லாம் காலியாகி, மல்லிகையின் சராசரி விலை தானாகக் குறைந்துவிடும். வரைபடம் அழகாகத்தான் வரும். எங்கள் கருத்து: மேலே சொன்ன வடிவ அட்டவணை போட்டு, காலியாகப் போகிறவை எல்லாம் 'வரத்து இல்லை' போன்றவைதான் என்று உறுதியான பிறகு மட்டும் 'ஃபோர்ஸ்'. எந்தக் கட்டளையானாலும் மூலத்தின்மேல் எழுதாமல் புதிய நெடுவரிசையில் எழுதுங்கள். ஸ்டேட்டாவில் 'ரீப்ளேஸ்' வேண்டாம், 'ஜெனரேட்' போதும்.

'டீஸ்ட்ரிங்', 'என்கோடு' இரண்டும் எழுத்தை எண்ணாக்குகின்றன. எதை எப்போது?

இலக்கங்களால் ஆன எழுத்துக்கு 'டீஸ்ட்ரிங்'. ஊர்ப்பெயர், பாலினம், பயிர் போன்ற வகைப் பெயர்களுக்கு 'என்கோடு'.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 850, 1200, 90 என்ற விலைகளை 'என்கோடு' செய்தால், எழுத்து வரிசைப்படி அடுக்கி 1200-க்கு 1, 850-க்கு 2, 90-க்கு 3 என்று எண் கொடுக்கும். பழைய மதிப்பு மேலே பெயர்ச்சீட்டாக ஒட்டியிருக்கும். திரையில் பார்த்தால் 1200, 850, 90 என்றே தெரியும், நீல நிறத்தில். சராசரி கேட்டால் 2 வரும். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் 'டீகோடு' கொடுத்து எழுத்துக்குத் திரும்பி, அதை 'டீஸ்ட்ரிங்' செய்யலாம். பெயர்ச்சீட்டை அழித்திருந்தால் மூலக் கோப்புக்குத்தான் போக வேண்டும்.

ஆர் மொழியில் ஃபேக்டரை (வகைப் பெயர்களை உள்ளே வரிசை எண்ணோடு வைக்கும் நெடுவரிசை) எண்ணாக்கினால் 1, 2, 3 என்று வருகிறது.

அதே நோய். ஃபேக்டரை நேராக 'ஆஸ்.நியூமெரிக்' செய்தால் உள்ளே இருக்கும் வரிசை எண்தான் வரும். முதலில் 'ஆஸ்.கேரக்டர்', அதன்மேல் 'ஆஸ்.நியூமெரிக்'. 2020-இல் வந்த 4.0.0 பதிப்பு முதல், 'ரீட்.சிஎஸ்வி' எழுத்தைத் தானாக ஃபேக்டராக்குவதில்லை. அதற்கு முன் எழுதப்பட்ட நிரலை, பழைய ஆய்வேட்டின் பின்னிணைப்பிலிருந்து எடுத்து ஓட்டுகிறவர்கள் இந்த மாற்றத்தை நினைவில் வைக்க வேண்டும்.

வினாத்தாளில் பதில்கள் தமிழில் இருக்கின்றன: 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் உடன்படவில்லை' வரை. 'என்கோடு' கொடுத்தால் 1 முதல் 5 வருமா?

வரும், ஆனால் பொருளற்ற வரிசையில். எழுத்து வரிசைப்படி இப்படி அமையும்: உடன்படவில்லை 1, உடன்படுகிறேன் 2, கருத்து இல்லை 3, முற்றிலும் உடன்படவில்லை 4, முற்றிலும் உடன்படுகிறேன் 5. நடுவில் 'கருத்து இல்லை' 3 என்று அழகாக உட்கார்ந்திருப்பதால் பார்த்த உடனே சந்தேகம் வராது. ஆனால் கடுமையாக மறுப்பவருக்கு 4, சாதாரணமாக ஒப்புக்கொள்பவருக்கு 2. இதை வைத்துச் சராசரியும் தொடர்புக் கெழுவும் போட்டால் வருவது வெறும் கூச்சல்.

வரிசையை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஸ்டேட்டாவில் முதலில் 'லேபிள் டிஃபைன்' கொண்டு ஐந்து பதில்களுக்கும் எண் கொடுத்துவிட்டு, 'என்கோடு' கட்டளையில் 'லேபிள்' விருப்பமாக அந்தப் பெயரைச் சொல்லுங்கள். கூடவே 'நோஎக்ஸ்டெண்ட்' கொடுத்தால், உங்கள் பட்டியலில் இல்லாத எழுத்துப்பிழைப் பதில் வந்தவுடன் நிறுத்திவிடும். கொடுக்காவிட்டால் அதற்கு 6 என்று எண் போட்டுவிட்டு நகரும். ஆர் மொழியில் 'ஃபேக்டர்' செயற்கூறின் 'லெவல்ஸ்' என்பதில் வரிசையாகக் கொடுக்க வேண்டும்.

'சோழவந்தான்' என்ற ஊர்ப்பெயர் அட்டவணையில் இரண்டு தடவை வருகிறது. எழுத்துப்பிழை எதுவும் தெரியவில்லை.

'சோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக் குறியாக ஒன்று. ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. வெவ்வேறு விசைப்பலகையில் அடித்த இரண்டு கோப்புகளைச் சேர்க்கும்போது இது வரும். ஒகாரம், ஔகாரம் உள்ள சொற்களுக்கும் இதே கதை.

எண் கொடுப்பதற்கு முன் எழுத்தை ஒருமைப்படுத்துங்கள். ஸ்டேட்டாவில் 'யூஎஸ்டிஆர்நார்மலைஸ்', ஆர் மொழியில் 'ஸ்டிரிங்ஐ' தொகுப்பின் 'ஸ்ட்ரி_ட்ரான்ஸ்_என்எஃப்சி', பைத்தானில் 'யூனிகோடுடேட்டா' தொகுப்பின் 'நார்மலைஸ்'. எல்லாவற்றிலும் என்.எஃப்.சி. வடிவம் (ஒற்றைக் குறியாகச் சேர்ப்பது).

இதையும் செய்த பிறகு இரண்டாகவே நின்றால் ஓர இடைவெளியைப் பாருங்கள். அதற்கும் அடுத்து, உண்மையான எழுத்துவேறுபாடு: திருமங்கலம், திரு மங்கலம் போன்றவை. அவற்றுக்குக் கையால் ஒரு திருத்தப் பட்டியல் தயாரிப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை.

எண்ணைத் தவிர ஒன்றுமே இல்லாத செல்லும் மாறவில்லையே?

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய அட்டவணைகளில் 160 என்ற குறியீடு உடைய, வரி முறியாத இடைவெளி வரும். சாதாரண 'ட்ரிம்' அதைத் தொடாது, எக்செல்லிலும் அப்படித்தான். எக்செல்லில் 'சப்ஸ்டிட்யூட்' உள்ளே 'கார்(160)' கொடுத்து நீக்கலாம். ஸ்டேட்டாவில் 'சப்இன்ஸ்டர்' உள்ளே 'யூகார்(160)'.

விலை '800-1,200' என்று இருக்கிறது. எந்த எண்ணை எடுப்பது?

முதலில், எது கூடாது என்று சொல்லிவிடுகிறோம். 'இக்னோர்' பட்டியலில் கோட்டையும் காற்புள்ளியையும் சேர்த்தால் 8001200 வரும்: கிலோ எண்பது லட்ச ரூபாய் மல்லிகை. 'பார்ஸ்_நம்பர்' கொடுத்தால் 800 மட்டும் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் முதலில் கிடைக்கும் எண்ணோடு அது நின்றுவிடும்.

கோட்டில் பிரித்து, குறைந்த விலை, அதிக விலை என்று இரண்டு நெடுவரிசை ஆக்குங்கள். ஸ்டேட்டாவின் 'ஸ்பிளிட்' கட்டளையில் 'பார்ஸ்' விருப்பம், ஆர் மொழியில் 'டைடிஆர்' தொகுப்பின் 'செப்பரேட்', பாண்டாஸில் 'ஸ்பிளிட்' உடன் 'எக்ஸ்பாண்டு'. ஒற்றை விலை மட்டும் உள்ள நாளில் இரண்டிலும் அதே எண்ணைப் போடுங்கள். நடுமதிப்பான 1,000 வேண்டுமானால் மூன்றாவது நெடுவரிசையாகக் கணக்கிடலாம். ஆனால் காலையில் வந்த முதல்தரப் பூவின் விலையும் கடைசியில் தள்ளிவிட்ட பூவின் விலையும்தான் அந்த இரண்டு எண்கள் என்றால், நடுவில் உள்ள 1,000-க்கு யாரும் பூ வாங்கவே இல்லை என்பதும் சாத்தியம்.

உயரம் 5.10 என்று எழுதியிருக்கிறார்கள். மாற்றினால் 5.1 ஆகிறது.

இந்த நெடுவரிசையை எண்ணாக மாற்றவே கூடாது, எழுத்தாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும். 5 அடி 10 அங்குலம் என்பதுதான் இங்கே 5.10. எண்ணாக்கிய கணத்தில் அது 5.1 ஆகி, 5 அடி 1 அங்குலத்தோடு கலந்துவிடும்; பிறகு எந்தக் கட்டளையாலும் பிரிக்க முடியாது. எக்செல்லில் சாதாரண செல்லில் அடித்திருந்தால் இழப்பு அங்கேயே நடந்து முடிந்திருக்கும். புள்ளியில் பிரித்து, அடியை 12-ஆல் பெருக்கி, அங்குலத்தைக் கூட்டுங்கள்: 5.10 என்பது 70 அங்குலம், 5.1 என்பது 61 அங்குலம். குழந்தைகளின் வயதை 2.11 என்று எழுதினால் (2 வருடம் 11 மாதம்) அதற்கும் இதே வைத்தியம்.

நில அளவில் இது இன்னும் நுட்பமானது. 100 சென்ட் ஒரு ஏக்கர் என்பதால் 2 ஏக்கர் 40 சென்ட்டை 2.40 என்று எழுதினால் தசமமாகவும் சரியாகவே இருக்கும். ஆனால் 2 ஏக்கர் 4 சென்ட்டைச் சிலர் 2.4 என்று எழுதுவார்கள், சிலர் 2.04 என்று. ஒரே கணக்கெடுப்பில் இரண்டும் இருந்தால் மூலப் படிவத்தைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல முடியாது. களத்துக்குப் போகும் முன்பே ஏக்கருக்கு ஒரு கட்டம், சென்ட்டுக்கு ஒரு கட்டம் என்று படிவத்தில் போட்டுவிடுங்கள்.

பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும்: 0-40.50 என்றால் 0 ஹெக்டேர் 40.50 ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். எனவே இது 0.405 ஹெக்டேர், 2.471-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட சரியாக ஒரு ஏக்கர். கோட்டை நீக்கிவிட்டு எண்ணாக்கினால் 40.5 ஹெக்டேர், நூறு ஏக்கர் நிலக்கிழார் ஆகிவிடுவார். சிலர் 0.40.50 என்று இரண்டு புள்ளி போடுவார்கள். அது மாறாமல் நின்று காட்டிக்கொடுக்கும் என்பதால் அது பரவாயில்லை.

'1.5 லட்சம்', '2 கோடி' என்று எழுதியிருந்தால்?

எண்ணையும் அலகையும் தனித்தனி நெடுவரிசையாகப் பிரித்து, லட்சத்துக்கு 1,00,000-ஆலும் கோடிக்கு 1,00,00,000-ஆலும் பெருக்குங்கள். இலட்சம், லட்சம், லக்ஷம் மூன்று எழுத்துமுறையும் வரும். ஆங்கிலத்திலும் இரண்டு மூன்று விதம் உண்டு. அலகு எதுவும் இல்லாமல் 1.5 என்று மட்டும் இருப்பவை ஆண்டு வருமானக் கேள்வியில் கட்டாயம் நான்கைந்து கிடைக்கும். அவற்றை லட்சம் என்று நீங்களாக முடிவு செய்தால், அப்படி முடிவு செய்ததாக ஒரு குறி நெடுவரிசையில் பதிவு செய்யுங்கள்.

ஆதார், கைபேசி எண், பின்கோடு ஆகியவற்றை எண்ணாக்க வேண்டுமா?

வேண்டாம். இவற்றில் எதற்கும் சராசரி எடுக்கப் போவதில்லை. எழுத்தாகவே இருக்கட்டும். (ஆதார் எண்ணை ஆய்வுத் தரவில் சேர்ப்பதே தேவையற்ற வேலை.)

எண்ணாக்கினால் வரும் சேதங்கள் மூன்று. மதுரையின் தொலைபேசிக் குறியீடு 0452 என்பது 452 ஆகும். முன்னால் உள்ள பூஜ்யத்தை எந்த எண் வகையும் வைத்துக்கொள்ளாது. அடுத்தது துல்லியம். ஸ்டேட்டாவில் வகை சொல்லாமல் 'ஜெனரேட்' கொடுத்து 'ரியல்' பயன்படுத்தினால் 'ஃப்ளோட்' வகைதான் கிடைக்கும். அதில் 1,67,77,216 வரைதான் எல்லா முழு எண்களும் துல்லியம். 9-இல் தொடங்கும் 10 இலக்கக் கைபேசி எண் 1024-இன் மடங்காக உருட்டப்படும். பல பேருடைய எண்கள் ஒன்றாகிவிடும், கோப்புகளை இணைக்கும்போது தப்பான ஆளோடு தப்பான ஆள் சேருவார். கட்டாயம் எண்ணாக வேண்டுமென்றால் 'டபுள்' என்று சொல்லுங்கள். ஆர் மொழியில் 'ஆஸ்.இண்டிஜர்' 2,14,74,83,647-க்கு மேல் போனால் 'என்.ஏ.'.

மூன்றாவது, எக்செல் செய்வது. 12 இலக்க எண்ணைச் சாதாரண செல்லில் அடித்தால் அது அடுக்குக்குறி வடிவத்தில் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பில் போகும், மீதி இலக்கங்கள் போயே போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள வங்கிக் கணக்கு எண் என்றால், சேமிக்கும் முன்பே கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகியிருக்கும்.

சர்வே நம்பர் 12/3 என்று அடித்தேன், '12-மார்ச்' ஆகிவிட்டது.

எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. இப்போது செல்லுக்குள் இருப்பது ஒரு தொடர் எண். நெடுவரிசையை எண் வடிவத்துக்கு மாற்றினால் ஐந்து இலக்கத்தில் ஏதோ தெரியும், 12/3 திரும்பி வராது. அடிக்கும் முன்பே நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வடிவத்தில் வையுங்கள். 12/3ஏ போன்ற உட்பிரிவுகள் எழுத்தாகவே தப்பித்துவிடுவதால், கோப்பில் பாதி சரியாகவும் பாதி தேதியாகவும் இருக்கும். கணினியில் தேதி அமைப்பு மாதம் முதலாக இருந்தால் அதே 12/3 டிசம்பர் 3 ஆகியிருக்கும். எந்தக் கணினியில் அடித்தார்கள் என்று விசாரித்த பிறகே திருத்துங்கள்.

உண்மையான தேதி நெடுவரிசை 44927 என்று வருகிறதே?

அது 2023 ஜனவரி 1, எக்செல்லின் கணக்கில். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு தொடக்க நாள் வைத்திருக்கிறது. அதே நாள் ஸ்டேட்டாவில் 23011 (1960 ஜனவரி 1 பூஜ்யம்), ஆர் மொழியில் 19358 (1970 ஜனவரி 1 பூஜ்யம்). எக்செல் எண்ணை ஆர் மொழியில் தேதியாக்க 'ஆஸ்.டேட்' செயற்கூறுக்கு 'ஆரிஜின்' ஆக 1899 டிசம்பர் 30 கொடுங்கள். ஸ்டேட்டாவில் 21916-ஐக் கழியுங்கள். தேதி எழுத்தாக இருந்தால் 'டேட்' செயற்கூறில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை நீங்கள் சொல்ல வேண்டும். 01/02/2023 என்பதைப் பார்த்து அது எந்த மாதம் என்று மென்பொருளால் அறிய முடியாது.

'இல்லை' என்ற பதிலைப் பூஜ்யமாக்குவதா, காலியாக விடுவதா?

கேள்வியைப் பொறுத்தது. அணைக்கு நீர்வரத்து 'இல்லை' என்றால் 0 கனஅடி, அது உண்மையான அளவு. ஆண்டு வருமானம் 'இல்லை' என்றால் வருமானமே இல்லாதவரா, சொல்ல விரும்பாதவரா தெரியாது. '-' என்று மட்டும் இருந்தால் பதிவேடு எழுதியவரைக் கேட்டால்தான் தெரியும்.

ஸ்டேட்டாவில் மிஸ்ஸிங்குக்கு ஒற்றைப் புள்ளி தவிர, புள்ளியோடு ஓர் ஆங்கில எழுத்துச் சேர்த்த 26 வகைகள் உண்டு. 'சொல்ல மறுத்தார்' ஒன்று, 'தெரியாது' ஒன்று, 'பொருந்தாது' ஒன்று என்று பிரித்து வைக்கலாம். 99, 999 என்று நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 99 வயதுப் பாட்டி உசிலம்பட்டியில் உண்மையிலேயே இருப்பார்.

ஒரு எச்சரிக்கை: ஸ்டேட்டா மிஸ்ஸிங்கை எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கருதும். 'விலை 1000-க்கு மேல்' என்று நிபந்தனை கொடுத்தால் விலையே இல்லாத நாள்களும் அதில் சேரும். நிபந்தனையோடு 'மிஸ்ஸிங் அல்ல' என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

தமிழ் எண்கள் (௧, ௨, ௩) வந்தால்?

பழைய ஆவணங்களைப் படியெடுத்தால் வரலாம். ஆர் மொழியில் 'கார்ட்ஆர்' கொண்டு ௦ முதல் ௯ வரை பத்தையும் 0 முதல் 9 ஆக மாற்றிவிட்டுப் பிறகு எண்ணாக்குங்கள். பைத்தானின் 'இன்ட்' மட்டும் ௨௫ என்பதை நேராகவே 25 என்று எடுத்துக்கொள்ளும். பத்து, நூறு, ஆயிரத்துக்கான ௰, ௱, ௲ குறிகள் இலக்கங்கள் அல்ல. அவை உள்ள எண்களைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

பாண்டாஸில் முழு எண்ணாக்கும்போது பிழை வருகிறது.

காலி செல் இருக்கிறது. சாதாரண 'இன்ட்' வகை காலியை ஏற்காது. பெரிய 'ஐ' எழுத்தில் தொடங்கும் 'இன்ட்64' வகையைப் பயன்படுத்துங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். 'வேரியபிள் வியூ'வில் வகையை மாற்றினால் போதாதா?

மாறும். மாறாதவை எச்சரிக்கை இல்லாமல் புள்ளியாகிவிடும், மூல எழுத்தும் அதே இடத்தில் அழிந்துவிடும். நெடுவரிசையை நகலெடுத்து நகலில் மாற்றுங்கள். வகைப் பெயர்களுக்கு 'ஆட்டோமேட்டிக் ரீகோடு' உண்டு. அதுவும் எழுத்து வரிசைப்படிதான் எண் கொடுக்கும், மேலே உடன்பாட்டுப் பதில்களுக்குச் சொன்னது இங்கும் பொருந்தும்.

மாற்றி முடித்துவிட்டோம். சரியாக மாறியதா என்று எப்படித் தெரியும்?

மிகக் குறைந்த மதிப்பையும் மிக அதிக மதிப்பையும் பாருங்கள், ஊர் அறிவோடு. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்ட நெடுவரிசையில் 6821 என்று ஒன்று வந்தால் 68.21-இன் புள்ளி போயிருக்கிறது. முல்லைப் பெரியாறில் 142 அடிவரைதான் தேக்க அனுமதி. 1365 வந்தால் அங்கும் அதே கதை. மதுரை நகர முகவரிக்குப் பின்கோடு ஆறு இலக்கமாக, 625-இல் தொடங்க வேண்டும். கிலோ மல்லிகை 0.85 ரூபாய் என்றால் 'ரூ.' புள்ளி தின்றுவிட்டது.

இந்தச் சோதனை மேல் எல்லையில் ஏமாற்றவும் கூடும். பனிக்காலத்தில் வரத்து சரிந்து, அதோடு முகூர்த்தமும் சேர்ந்தால் மல்லிகை சில ஆயிரங்களுக்குப் போவது வழக்கம்தான். 3,000 என்பதைப் பார்த்தவுடன் 300-க்கு ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்று வெட்டாதீர்கள். அந்த வரிசையின் மூல எழுத்தை, நீங்கள் அழிக்காமல் வைத்திருக்கும் பழைய நெடுவரிசையில் பாருங்கள். அதே தேதியில் பிச்சி, முல்லை விலையும் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.